மாதத்தின் கடைசிக் கிழமை

குடும்பச் செலவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். வரவுக்குள் செலவு செய்யவேண்டும், கடன் கூடாது, சிறிதேனும் சேமிக்கவேண்டும் என்னும் புத்திமதிகள் யாவும் நல்லனவே. ஆயினும், வரவையும் செலவையும் எழுதிக் கூட்டிக் கழித்தபின்னரும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. கையில் உள்ளது போதாதபோது, அந்தப் போதாமையை வீட்டில் உள்ளோருள் யார் தாங்குவது என்பதே அவ்வினா. இதனை வாய்விட்டுக் கேட்கும் குடும்பங்கள் சில. கேளாமலே விடை கண்டுவிடும் குடும்பங்கள் பல. அவ்வாறு கேளாமற் கிடைக்கும் விடை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதுதான் சிந்திக்கவேண்டியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றிலே வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை அரசாங்கக் காரியாலயமொன்றில் எழுதுவினைஞர். தாய் வீட்டிலிருந்தபடியே அயலவருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். பிள்ளைகள் மூவர். மூத்தவள் பத்தாம் வகுப்பிற் படிக்கிறாள். அடுத்தவர் இருவரும் ஆண்பிள்ளைகள். தந்தையின் தாயாகிய அப்பாச்சி நீரிழிவு நோய்க்கு மருந்து உண்பவர். சம்பளம் மாதந்தோறும் குறித்த திகதியில் வந்துவிடுகின்றது. அந்த அளவிற் கொடுத்துவைத்த குடும்பமே அது.

சம்பளம் வந்த கிழமையில் அவ்வீட்டு அடுப்பிற் பாரை மீனோ விளைமீனோ வேகும். இரண்டாம் கிழமையிற் சூடை மீன். மூன்றாம் கிழமையிற் கருவாடு தலைகாட்டும். கடைசிக் கிழமையில் முருங்கையிலை வறையும் சொதியும் சம்பலும். இதில் வருந்துவதற்கு எதுவுமில்லை. முருங்கையிலை உடலுக்கு நல்லது. கவனிக்கவேண்டியது கறியையன்று, பரிமாறும் ஒழுங்கையே. தந்தை உழைக்கிறார், ஆதலால் அவருக்கு முதலில். ஆண்பிள்ளைகள் வளர்கிறார்கள், ஆதலால் அவர்களுக்கு அடுத்து. அப்பாச்சி வேளைக்கு உண்டாலன்றி மருந்து எடுக்க இயலாது. ஒவ்வொரு நியாயமும் தனித்தனியே சரியானதுதான். எல்லா நியாயங்களும் தீர்ந்தபின் சட்டியில் மிஞ்சியதைத் தாய் வழித்து உண்கிறாள். “எனக்குப் பசியில்லை” என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். சில காலத்தின்பின் அதே வாக்கியத்தை மூத்த மகளும் சொல்லத் தொடங்குகிறாள். எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்காத அந்தப் பாடத்தை அவள் வீட்டிலே கற்றுக்கொண்டாள்.

அந்தத் தந்தை கொடியவரல்லர். குடிப்பவருமல்லர். மனைவி அரைவயிறு உண்கிறாள் என்பதை அறிந்தால் அவர் உணவு கொள்ளமாட்டார். அவர் அறியார், அவ்வளவே. சம்பளத்தை மனைவி கையிற் கொடுத்துவிட்டுத் தம் கடமை முடிந்ததென எண்ணும் நல்லவர்கள் நம்மிடையே ஏராளம். கணக்குப் பாராத அந்தப் பெருந்தன்மையை ஊரும் புகழ்கின்றது. உண்மையில் அது பெருந்தன்மையுமன்று, நம்பிக்கையுமன்று. பற்றாக்குறையை மட்டும் ஒருத்தியின் தலையில் முழுமையாக ஏற்றிவிடும் ஏற்பாடு அது. “இஞ்சாருங்கோ, சீனி முடிஞ்சுது” என்று அவள் இருபதாம் திகதி சொல்லும்போது, “அதற்குள்ளே முடிந்துவிட்டதா?” என்று வியப்பதற்கு மாத்திரம் அவருக்கு உரிமை மிஞ்சியிருக்கிறது.

கடைசிக் கிழமையில் ஏன் முட்டுப்பாடு வருகின்றது? ஊதாரித்தனம் என்று எளிதிற் சொல்லிவிடலாம். பெரும்பாலான வீடுகளில் அது காரணமன்று. வரவு மாதத்திற்கு மாதம் ஒரேயளவாய் வர, செலவு மேடும் பள்ளமுமாய் வருவதே காரணம். இலவசக் கல்வி இந்நாட்டில் 1945இல் வந்தது. பாடநூல்கள் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாக வழங்கப்பட்டன. அவை இல்லாவிடில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் படியை மிதித்திருக்கமாட்டார்கள்! இருந்தும் கொப்பி, சப்பாத்து, புத்தகப் பை, தனியார் வகுப்புக் கட்டணம் என்பன பெற்றோரைச் சூழ்ந்துகொள்கின்றன. அதன்பின் உறவினர் வீட்டுத் திருமணம், பூப்பு நீராட்டு விழா, அந்தியேட்டி, கோயிற்றிருவிழா, தீபாவளிக்குப் புத்தாடை. இவற்றுள் ஒன்றேனும் எதிர்பாராத செலவன்று. தீபாவளி ஆண்டுதோறும் வருகின்றது என்பதை அறியாதார் யார்? ஆயினும் வீட்டுக் கணக்கில் அது ஒவ்வோராண்டும் திடீரென்றே வந்து சேர்கின்றது.

ஆண்டு முழுவதற்குமான இத்தகைய செலவுகளை ஒரே தாளில் எழுதிப் பன்னிரண்டால் வகுத்து, வரும் தொகையைச் சம்பள நாளிலேயே வேறாக எடுத்துவைப்பது ஒரு வழி. எழுபத்தையாயிரம் ரூபா வருமெனில் மாதம் ஆறாயிரத்து இருநூற்றைம்பது. இத்தொகையைக் கண்டு, இவ்வளவையும் எப்படி ஒதுக்குவது என்று மலைப்போர் உண்டு. ஒதுக்காதபோதும் அதே எழுபத்தையாயிரம் செலவாகவே செய்கின்றது. அப்போது அது வட்டியையும் கூட்டிக்கொண்டு போகின்றது.

வட்டியைப் பற்றிச் சிறிது நின்று பார்ப்பது தகும். “நூற்றுக்கு ஐந்து” என்று வாய்ப்பேச்சிற் சொல்லும்போது அது சிறு தொகையாய்த் தோன்றுகின்றது. மாதத்திற்கு நூற்றுக்கு ஐந்தெனில், ஆண்டுக்கு நூற்றுக்கு அறுபது. இருபதாயிரம் ரூபா கைமாற்று வாங்கி, முதலைத் தொடாமல் வட்டியை மாத்திரம் கட்டிவருபவர், இருபது மாதத்தில் இருபதாயிரம் ரூபா கொடுத்து முடிக்கிறார். கடன் அப்படியே இருக்கின்றது. அடகும் இவ்வாறுதான். வட்டி குறைவெனினும், மீட்கும் திகதி தவறும்போது நகையே போய்விடுகின்றது. முதலில் அடகுக் கடைக்குச் செல்லும் நகை எவருடையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சீட்டுப் பிடித்தல் நம் பெண்கள் தாமே அமைத்துக்கொண்ட வங்கி. பத்துப்பேர் சேர்ந்து மாதம் ஐயாயிரம் போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு ஐம்பதாயிரம். குலுக்கலில் முதலில் எடுப்பவர் வட்டியில்லாக் கடன் பெறுகிறார். கடைசியில் எடுப்பவர் வட்டியில்லாமற் சேமிக்கிறார். ஏலச் சீட்டாயின், அவசரம் உள்ளவர் எண்ணாயிரம் கழித்து நாற்பத்தீராயிரத்தை எடுக்க, கழிவு எல்லோருக்கும் பங்கிடப்படும். முகத்தைப் பார்த்து நடக்கும் காரியமாதலால், கையிற் காசு தங்காதவரையும் அது சேமிக்கச் செய்கின்றது. அடுத்த வீட்டாரிடம் “இம்மாதம் இல்லை” என்று சொல்ல எவர்க்கும் நாக்கு எழாது. சீட்டைப் பிடிப்பவர் நேர்மையற்றவராயின் முறையிட இடமில்லை என்பது அதன் பெருங்குறை. ஆதலால், பிள்ளையின் படிப்புக்கென வைத்த பணம் முழுவதையும் சீட்டிலே போடுதல் தகாது. 1885இல் தொடங்கிய தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி முதலியவற்றை இணைத்து 1972இல் நிறுவப்பட்ட தேசிய சேமிப்பு வங்கி போன்றவை இருக்கின்றன. சீட்டு ஒரு பக்கம், வங்கிப் புத்தகம் ஒரு பக்கம் என வைத்துக்கொள்வதே விவேகம்.

இனி, எவ்வளவு திறமையாகக் கணக்கு வைத்தாலும் தாங்கமுடியாத காலங்களும் உண்டு. 1953 ஜூலையிற் கூப்பன் அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு கடையடைத்து நின்றது. ஒக்டோபரிற் பிரதம மந்திரி பதவி விலகினார். அடுக்களைக் கணக்கு அரசாங்கக் கணக்கைவிடச் சிறியதென்று எண்ணுவோர் அவ்வாண்டை நினைத்துக்கொள்ளலாம். பின்னர், 1990 முதற் சில ஆண்டுகள் வடபகுதிக்கு மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்கலமும் தடைப்பட்டிருந்தபோது, ஜாம் போத்தலிற் சிறிது எண்ணெய் விட்டுத் திரிபோட்ட விளக்கிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தனர். அக்காலத்தை நடத்திச் சென்ற தாய்மார்களே இன்று பல வீடுகளில் அப்பாச்சிகளாகவும் அம்மம்மாக்களாகவும் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டறியவேண்டியவை பல, கேட்போர்தான் குறைவு.

2022ஆம் ஆண்டு வந்தது வேறுவகைச் சோதனை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, அவ்வாண்டு செப்ரெம்பரில் உணவு விலைகள் முந்திய ஆண்டு செப்ரெம்பரிலும் பார்க்க 94.9 சதவீதம் கூடியிருந்தன. 2,675 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் எரிவாயு 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அதுவும் வரிசையில் நின்றாற்றான் கிடைத்தது. அந்தச் செப்ரெம்பரிற் சீட்டைக் கடைசியாக எடுத்தவர், தம் ஐம்பதாயிரத்துக்கு, ஓராண்டுக்கு முன்னர் ஏறக்குறைய இருபத்தாறாயிரத்துக்கு வாங்கியிருக்கக்கூடிய உணவையே வாங்கினார். அவர் செய்த பிழை யாதுமில்லை, முறையாகச் சேமித்தார். 2023 ஜூலையிற் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிற்று என்ற செய்தி வந்தபோது, கடைக்காரரிடம் சென்று “விலை இறங்கிவிட்டதாமே” என்று கேட்டோரும் இருந்தனர். பணவீக்கம் குறைந்தது என்பதற்கு விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே பொருள். ஏறிய விலை ஏறியபடி நின்றது.

ஜேர்மானியப் புள்ளிவிவர அறிஞர் ஏணஸ்ட் ஏங்கல் 1857இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செலவாகும் பங்கு கூடுகின்றது என்பது அது. நூற்றாண்டு கடந்தும் அது பொய்க்கவில்லை. ஆயின் ஏங்கலின் கணக்குக் குடும்பம் வரையில் வந்து வாசலில் நின்றுவிடுகின்றது. உள்ளே அந்த உணவு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை வீட்டிலுள்ளோரே பார்க்கவேண்டும்.

அதற்கு ஒரு கொப்பி போதும். எண்பது பக்கக் கொப்பி. முன்னர் எண்ணிப்பார்த்த குடும்பத்திற்கே மீள்வோம். செலவுகளை அரிசி, மீன், எண்ணெய் என்று பொருள்வாரியாக எழுதிவந்த அவ்வீட்டார், ஒரு மாதம் ஆள்வாரியாகவும் பிரித்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தந்தையின் பத்தியிற் பேருந்துக் கட்டணமும் காரியாலயத் தேநீரும். பிள்ளைகளின் பத்தியில் வகுப்புக் கட்டணம். அப்பாச்சியின் பத்தியில் மருந்து. அம்மாவின் பத்தியில் நூல்கட்டை இரண்டு. அதுவும் அயலவரின் சட்டைக்கு. மூத்தவள் கூட்டிப் பார்க்கும்போது அந்தப் பத்தி கூட்டுவதற்கே இடமின்றி வெறுமையாய்க் கிடக்கும். அப்போதுதான், ஊசியில் நூல் கோக்க இயலாமல் அவள் தன்னை அழைத்து வருவது ஆறு மாதமாய் நடக்கின்றது என்பதை மகள் சொல்வாள். மூக்குக்கண்ணாடி வாங்கும் செலவை அந்தத் தாய் “அடுத்த மாதம், அடுத்த மாதம்” என்று தள்ளிவந்திருக்கிறாள். தையல் குறைந்தது அதனாலேதான். சிக்கனம் என்று எண்ணியது வரவையே தின்றிருக்கிறது. நூல் கோக்க வந்த மகளின் படிப்பு நேரமும் அத்துடன் போயிருக்கிறது.

பிள்ளைகளின் முன்னிலையிற் கணக்குப் பார்க்கலாமா என்று சிலர் ஐயுறுவர். வீட்டுக் கஷ்டம் பிஞ்சு மனத்திற் படக்கூடாது என்பது அவர்கள் கருத்து. அக்கருத்தில் அன்பு உண்டு. ஆனால் பிள்ளைகள் அறியாமல் இருப்பதில்லை. அடுப்படியில் தாழ்ந்த குரலிற் பேசுவதை அவர்கள் கேட்கிறார்கள். பாதி கேட்டு, மீதியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். கற்பனை உண்மையைவிடப் பயங்கரமானது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு வட்டிக் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையிடம், “இம்மாதம் இவ்வளவு வந்தது, இவ்வளவு போயிற்று, உன் சப்பாத்து அடுத்த மாதம்” என்று சொன்னால் அது ஏற்றுக்கொள்கின்றது. காரணமின்றி “இல்லை” என்றால்தான் முகம் சுருங்குகின்றது. வகுப்புத் தோழனிடம் உள்ள கைத்தொலைபேசி தனக்கும் வேண்டுமெனக் கேட்கும் மகனிடம், கொப்பியைத் திறந்து, எந்தப் பத்தியிலிருந்து அதற்குரிய பணத்தை எடுக்கலாம் என்று அவனையே காட்டச் சொல்லலாம். தம்பியின் வகுப்புக் கட்டணத்திலா, அப்பாச்சியின் மருந்திலா என்று அவன் விரலை நகர்த்திப் பார்ப்பான். சிறிது நேரம் கோபித்துக்கொண்டும் இருப்பான். சனிக்கிழமைச் சந்தைக்கு அவனையே ஓராயிரம் ரூபாவோடு அனுப்பினால், தக்காளி விலையை முதன்முறையாக விசாரித்துக்கொண்டு வருவான். மீதிச் சில்லறையை எண்ணியும் கொடுப்பான்.