பூக்கடைக்கு ஏற்ற பூ

காஞ்சிபுரத்தில் பூவுக்கு என்றும் தேவை உண்டு. பங்குனியில் ஏகாம்பரநாதர் திருக்கல்யாணம், வைகாசியில் வரதராசப் பெருமாள் கருட சேவை. இவற்றோடு கல்யாண முகூர்த்தங்கள் வேறு.

மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்தால் மார்ச் முதல் பூக்கும். ஆனால் எல்லாத் தோட்டங்களும் அப்போதுதான் பூக்கும். முகூர்த்தமில்லாத நாளில் கொண்டுபோன கூடை, பறித்த கூலிக்கும் கட்டாது. ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்து, எந்தப் பூ, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு என்று பூக்கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மல்லிகையை முற்றிய மொட்டாக, சூரியன் உதிக்குமுன் பறியுங்கள். மலர்ந்துவிட்டால் சரம் தொடுக்க உதவாது. கூடையை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள்.

சம்பங்கியில் மாலைக்கு ஒற்றையடுக்கு. பூச்செண்டுக்கும் மேடை அலங்காரத்துக்கும் இரட்டையடுக்கு. செண்டுக்கானதை, அடிப்பூக்கள் ஓரிரண்டு விரிந்ததும் தண்டோடு வெட்டி, உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். சாமந்தியை விரிந்த பிறகே பறிக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் அழுகும்.

சொன்ன நேரத்தில் சொன்ன எடை போய்ச் சேர்ந்தால், அடுத்த முகூர்த்தத்துக்குக் கடைக்காரரே உங்களைத் தேடி வருவார்.