ஏரிக்கரைக் குடியிருப்பு ஊராகுமா?



ஏரிக்கரை ஒன்றில் நாற்பது குடும்பங்கள் வழிவழியாக வாழ்கின்றன என்று கொள்ளுங்கள். அவ்விடத்திற்கு ஒரு பெயர் உண்டு. ஒரு கோயில் உண்டு. ஒரு சுடுகாடும் உண்டு. ஆயினும் வருவாய்த்துறையின் ஏட்டில் அது வெறும் 'நீர்நிலைப் புறம்போக்கு'. அஃது ஊரா, அன்றா? விடை கூற வேண்டியது ஏடா, மக்களா?

ஏட்டின் விடையை முதலில் நோக்குக. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நில அளவையில் எல்லை வரையப்பட்ட வருவாய்ச் சிற்றூரையே பெரும்பாலும் ஊரெனக் கொள்கின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தகைய சிற்றூர்கள் 6,40,000க்கு மேல். அவற்றுள் 40,000க்கு மேற்பட்டவற்றில் ஒருவரும் வாழவில்லை! ஆளில்லா வெற்றுநிலம் ஊராம். ஆள் நிறைந்த ஏரிக்கரை புறம்போக்காம். இஃது என்ன கணக்கு?

தமிழின் கணக்கு வேறு. 'கிராமம்' என்னும் வடசொல் ஆட்சித்துறையிற் குடியேறுவதற்கு முன்னரே 'ஊர்' என்னும் சொல் ஆழ்ந்த பொருளோடு வழங்கிற்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊரென்பது நிலத்தின் பெயர் மட்டுமன்று. வேளாண் குடிகளின் அவைக்கும் அதுவே பெயர். 'ஊரோம்' என்றே அவர்கள் தம்மைக் குறித்துக்கொண்டனர். கூடிப் பேசி, கூடி முடிவெடுத்து, கூடி உழைக்கும் மக்களே ஊர். மண் அவர்க்கு இடம் தந்தது, அவ்வளவே.

அக்கூட்டுழைப்பின் நடுவண் நின்றது நீர்நிலை. தாங்கல், ஏந்தல், குளம், ஏரி என முடியும் ஊர்ப்பெயர்கள் தமிழகமெங்கும் பரந்து கிடக்கின்றன. நீரைத் தாங்குவது தாங்கல், ஏந்துவது ஏந்தல், ஊரார் உண்ணும் நீருடையது ஊருணி. நீர்நிலையின் பெயரே ஊருக்குப் பெயராயிற்று; ஊரின் பெயர் நீர்நிலைக்குள் புகுந்தது. இரண்டையும் பிரிக்க இயலாமையைச் சொற்களே பறைசாற்றுகின்றன.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலைக் காண்க. ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள சிற்றேரி. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலை அறிந்த உழவர், பறவைகளைத் தம் குடிகளைப் போற் காத்தனர். வெள்ளைப் படையினர் அவற்றைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் காப்புரிமை ஆணையும் பெற்றனர். 2022இல் அவ்வேரி உலகளவிற் போற்றத்தக்க ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. வேடன் பெயர் தாங்கிய ஊர், பறவைக்குப் புகலிடமாயிற்று! அறிவிப்பு வந்ததனால் அஃது ஊராகவில்லை. ஊராக நின்று காத்ததனாலேயே அறிவிப்பு வந்தது.

இதன் மறுபுறத்தையும் மறைத்தலாகாது. ஏரியோரத்து வீடுகளெல்லாம் ஊராகிவிடா. சென்னை நுங்கம்பாக்கத்து ஏரி தூர்க்கப்பட்டது; அங்கே இன்று 'லேக் ஏரியா' என்னும் ஆங்கிலப் பெயரே எஞ்சி நிற்கின்றது. ஏரியும் போயிற்று, ஏரி என்னும் தமிழ்ச்சொல்லும் போயிற்று. ஏரிகளைக் காக்கவும் வன்கவர்வுகளை அகற்றவும் தமிழ்நாட்டரசு 2007இல் சட்டம் இயற்றிற்று. நோக்கம் நன்றே. ஆயின் ஏரிக்குள் மண்கொட்டி மாடி எழுப்பியவனையும், மதகு திறந்து கரையடைத்து வாழ்ந்தவனையும் 'வன்கவர்வாளர்' என்னும் ஒரே சொல்லாற் சுட்டுதல் அறமாகுமா?

பழம்பெருமை பேசுவோரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். கி.பி. 919, 921 ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்திற்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்ததைக் கூறுகின்றன. பெருமைதான். ஆனால் அது வேதியர் அவை. நிலமும் மனையும் மறைப்பயிற்சியும் உடையார்க்கே அங்கு இடம். வண்டல் அள்ளிய கைகளுக்கு இடமில்லை. இன்றும் ஊர் ஒருபுறம், சேரி மறுபுறம் என நிற்கும் இடங்கள் உள்ளன. மதகு காப்பவனை வெளியே நிறுத்திய ஊர், எத்தனை ஏடுகளில் எழுதப்பட்டிருப்பினும் குறையூரே.

ஆகவே ஊரை அளக்கும் கோல்கள் மூன்று. அங்கு வாழ்வோர் நீரைக் காக்கின்றனரா? பொதுச் செய்தியைக் கூடிப் பேசுகின்றனரா? அக்கூட்டத்தில் எவரையும் விலக்காதிருக்கின்றனரா? மூன்றுக்கும் ஆம் என விடை வருமாயின் அஃது ஊர்.

கரையிலேயே வீடிருத்தல் ஏரிக்கும் உயிர்க்கும் கேடாயின், அருகிலுள்ள மேட்டில் மனை வகுத்து, அதே பெயரோடு அனைவரையும் ஒருங்கே குடியமர்த்துக. ஊரென்பது மக்களாதலின் ஊர் இடம்பெயரலாம், சிதறக்கூடாது. அவர்களைத் தொலைவிடங்களிற் பிரித்தெறிதல் ஊர்க்கொலையாகும்.

தமிழ்நாட்டின் ஊரவைகள் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22இலும் கூடுகின்றன. அந்நாளில் ஒவ்வோர் ஏரிக்கரைக் குடியிருப்பையும் அதன் தமிழ்ப்பெயரோடு தீர்மானத்தில் ஏற்றுக. கரையோர மக்களை அவையின் முன்வரிசையில் அமர்த்துக. 'குடிமராமத்து' என்பதில் மராமத்து அரபுச்சொல். குடி என்பதே தமிழ். அக்குடியை விரட்டிவிட்டு எவரைக் கொண்டு ஏரியைச் செப்பனிடுவது?

ஏரியைக் காப்பவர் ஊரார். அவர் வாழுமிடம் ஊர். இதை ஏட்டில் ஏற்றும்வரை தமிழர் ஓயற்க!