பெயரும் நம்பிக்கையும்



தமிழில் 'பெயர்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பெற்றோர் இட்டு அழைப்பதும் பெயர். ஒருவர் தம் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் ஈட்டிக்கொள்வதும் பெயர். 'அவர் பெயர் என்ன?' என்று வினவும்போது முன்னதைக் கேட்கிறோம். 'அவருக்கு ஊரில் நல்ல பெயர்' என்னும்போது பின்னதைச் சொல்கிறோம். முன்னது பிறந்த சில நாட்களில் வந்துவிடுகிறது. பின்னது வந்துசேர ஆண்டுகள் பல ஆகின்றன. ஆனால் முன்னதைக் கேட்ட மாத்திரத்தில் பின்னதையும் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பாக இருக்கிறது. அவ்வியல்பு பற்றியே இன்று சில சொற்கள் சொல்ல விழைகிறேன்.

கொங்கு நாட்டில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நெடுநாளைய வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குவதால் அவன் 'பெயரன்'. அச்சொல்லே 'பேரன்' ஆயிற்று. பெயரைக் கேட்டதும் இவன் இன்னார் வழியினன் என்று ஊரார் இனங்கண்டுகொள்வர். ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த சிற்றூருக்கு அது போதுமானதாயிருந்தது. இன்றோ நிலைமை வேறு. எங்கள் மங்கலத்தில் விசைத்தறிகள் ஓடுகின்றன. அருகே திருப்பூரின் பனியன் தொழில் பெருகி நிற்கிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து பிழைக்கின்றனர். பெயர் காதில் விழுகிறது. ஆள் யாரென்று தெரிவதில்லை. ஆயினும் பழைய பழக்கப்படி பெயரைக் கொண்டே ஆளை அளக்கிறோம்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. நம் நாட்டில் சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்னும் அறிஞர் இருவர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். செய்தித்தாள்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தனர். உயர்சாதிப் பெயருக்குக் கிடைத்த வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே தலித் பெயருக்குக் கிடைத்தது. முஸ்லிம் பெயருக்கோ மூன்றில் ஒரு பங்கே. படிப்பு ஒன்றுதான், வேறுபட்டது பெயர் மட்டுமே.

ஆசிரியர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்போர் இந்தியாவில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. மாணவர்களின் விடைத்தாள்களில் வயதையும் பாலினத்தையும் சாதியையும் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். தாழ்ந்த சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சற்றே குறைந்த மதிப்பெண் கிடைத்தது. வேறுபாடு சிறியது, ஆனால் அது தொடக்கத்தில் திருத்திய தாள்களிலேயே மிகுந்திருந்தது. இதன் கருத்தை நேயர்கள் ஊன்றி நோக்கவேண்டும். தேர்வு புதிது, அளவுகோல் இன்னும் கைக்குப் பழகவில்லை. அந்நேரத்தில் மனம் தாளிலுள்ள விடையை விட்டு, மேலட்டையில் உள்ள அடையாளத்தைப் பற்றிக்கொள்கிறது. அரசுப் பொதுத்தேர்வுகளில் திருத்துபவர் கண்ணுக்குப் பெயர் படாதபடி செய்வதன் நியாயம் இதனால் விளங்கும்.

பனியன் கம்பெனியில் தையற்காரரை வேலைக்கு எடுக்கும்போது, ஓவர்லாக் இயந்திரத்தில் உட்காரவைத்துத் தைக்கச் சொல்லிப் பார்ப்பர். தையல் நேராக இருந்தால் வேலை உண்டு. அங்கே அளவுகோல் உறுதியானது. ஆகவே பெயருக்கு அதிக வேலை இல்லை. அதே மனிதர் மாலையில் வாடகைக்கு வீடு தேடிச் செல்கிறார். 'பேர் என்ன? எந்த ஊர்? யார் வகை?' என்று கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. விடை கேட்டபின், 'வீடு நேற்றே விட்டாயிற்று' என்கிறார் உரிமையாளர். அங்கே சோதித்துப் பார்க்கத் தையல் இல்லை. எனவே பெயரே தீர்ப்பாகிவிடுகிறது.

இக்குறையை உணர்ந்தே 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் சேர்ப்பதை விடவேண்டும் என்று தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தும் பெயருமாக எழுதுவதே பெருவழக்கு. பீகாரிலும் சாதி தெரியவேண்டாம் என்று 'குமார்' என்னும் பொதுப்பெயரைப் பூண்டவர் பலர். அத்தகைய குமார் ஒருவர் நம் ஊருக்கு வந்தால், அவருக்கு 'இந்திக்காரன்' என்ற வேறொரு பட்டத்தை நாம் சூட்டிவிடுகிறோம். அவர் விட்டுவந்த சுமை ஒன்று. நாம் ஏற்றும் சுமை மற்றொன்று.

அப்படியானால் பெயரே கேட்கக்கூடாதா? கேட்கவேண்டும், கேட்டு, அதைப் பிழையின்றிச் சொல்லவும் கற்கவேண்டும். நாவில் எளிதாக வரும் பெயருடையவர் கூறியது என்றால், மக்கள் அதனை எளிதில் நம்புகின்றனர் என்று எரின் நியூமன் முதலியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. சொல்லக் கடினமான பெயர் ஐயத்தை விளைவிக்கிறது. ஆனால் சொல்லிப் பழகினால் எப்பெயரும் எளிதாகும். வெளிமாநிலப் பிள்ளைகள் என் வகுப்பில் சேர்ந்தபோது, பதிவேட்டை வாசிக்குமுன் 'உன் பெயரை நீயே ஒருமுறை சொல்' என்று கேட்டு, அவர்கள் தலையசைக்கும்வரை நானும் சொல்லிப் பார்ப்பேன். தன் பெயர் சரியாக ஒலிக்கக் கேட்ட பிள்ளை மறுநாள் முன்வரிசைக்கு வந்துவிடும்.

சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரியில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு உயிர்நீத்த குமரனுக்கு, நாடு இட்ட பெயர் 'திருப்பூர் குமரன்'. பிறந்த ஊரன்று, செயல் நிகழ்ந்த ஊரே அவர் பெயருக்கு முன் நின்றது. வந்து உழைப்பவரையும் தனதாக்கிக்கொள்ளும் பெருமை இவ்வூருக்கு உண்டென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே நேயர்களே, புதியவர் ஒருவர் வாயிலில் வந்து நின்றால், பெயரைக் கேளுங்கள். தீர்ப்பை மட்டும் சில நாள் ஒத்திவையுங்கள். இட்ட பெயரோடு வந்தவர் நல்ல பெயரை ஈட்ட அந்தச் சில நாட்களேனும் வேண்டும் அல்லவா?