கட்டணமில்லாக் கல்வியும் கைப்பொருளில்லா மாணவரும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகம் செல்லும் மாணவருக்குக் கிடைக்கக்கூடிய பண உதவிகள் யாவை, அவற்றைப் பெறத் தகுதியுடையோர் யாவர் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது சுவையான பொருளன்று. ஆனால் பல வீடுகளில் ஒரு பிள்ளையின் வருங்காலம் இதில் தங்கியிருக்கிறது.

நமது நாட்டில் அரச பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்று முதற் பட்டத்துக்குப் படிப்பவர் கற்பித்தற் கட்டணம் செலுத்துவதில்லை. இது தானாக வந்த பேறன்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பணமுள்ளவருக்கே எட்டிய கதவு, அன்று ஏழையின் பிள்ளைக்கும் திறந்தது.

எனினும் அன்பர்களே, கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல. மன்னாரிலுள்ள மாணவிக்குப் பேராதனையில் இடங் கிடைக்கிறது. மட்டக்களப்பு மாணவனுக்கு மாத்தறையிலுள்ள ருகுணுப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவு, புத்தகம், இக்காலத்தில் ஒரு கணினி என்று கூட்டிப் பார்த்தால், நாட்கூலியில் வாழும் தகப்பன் மலைத்துப்போகிறான். இந்த இடைவெளியை ஓரளவேனும் நிரப்புவதற்கே உதவித் திட்டங்கள் உள்ளன.

முதலாவது, மகாபொல புலமைப்பரிசில். வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் எழுந்த இந்நிதியம் 1981ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்டது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றின் சிறப்பை முதன்மையாகக் கொண்டு ஒரு பகுதியும், பெறுபேற்றுடன் குடும்ப வருமானத்தையும் நோக்கி மறு பகுதியும் வழங்கப்படுகின்றன. மாதம் 5,000 ரூபாவாயிருந்த தொகையை 7,500 ஆக உயர்த்த 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது.

இரண்டாவது, பர்சரி எனப்படும் நிதியுதவி. மகாபொல கிடைக்காத, ஆனால் வருமானங் குறைந்த குடும்பத்து மாணவருக்கு இது உரியது. மகாபொல கிடைக்கவில்லை என்றறிந்ததும் மனமுடைந்து விண்ணப்பத்தைக் கைவிடுவோர் உளர். அவர்கள் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம். உயர்தரத்திற் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதவர், அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களிற் பட்டப்படிப்பை மேற்கொள்வதற்காக இது ஏற்பட்டது. வட்டியை அரசு ஏற்கிறது. முதலை மாணவரே திருப்பிச் செலுத்தவேண்டும். முன்னைய இரண்டும் கொடை, இது கடன். இந்த வேற்றுமையை விளங்கிக்கொண்டே பிணையாளர் கையெழுத்திட வேண்டும்.

இனி, தகுதியிருந்தும் உதவி தவறிப்போவது ஏன்? பெரும்பாலும் காகிதத்தில்தான். தாய் தந்தை இருவரின் வருமானமும் காட்டப்படவேண்டும். மாதச் சம்பளம் பெறுபவருக்குத் தொழில் வழங்குநரின் கடிதம் உண்டு. தோட்டத்துக்கும் கடலுக்கும் போகிறவருக்கு அஃதில்லை. அவர் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் வருமானச் சான்று பெறவேண்டும். இறுதி நாளன்று இதற்காக அலைந்து பயனில்லை. வருமான எல்லையும் காலத்துக்குக் காலம் மாறுவது. ஆதலால் அயல் வீட்டு அண்ணன் சொன்ன பழைய கணக்கை நம்பி, நமக்குக் கிடையாது என்று ஒதுங்காமல், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலையும் அறிவித்தலையும் நேரே வாசியுங்கள்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. உதவி கேட்பது மானக்கேடு என்று எண்ணவேண்டாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இது பிச்சையன்று, பொதுமக்கள் பணத்தில் உங்கள் பிள்ளைக்கென ஒதுக்கிய பங்கு. அதேவேளை, காணியும் கடையும் உள்ளவர் வருமானத்தை மறைத்து எழுதுவது சிறு தந்திரமன்று. நிதி அளவுடையது, தகுதியற்றவர் ஒருவர் பெற்றால், வரிசையில் நின்ற ஏழைப் பிள்ளை ஒன்று வெறுங்கையுடன் திரும்புகிறது. கோயில் உண்டியலிற் கைவைக்க அஞ்சுகிற நாம் இதற்கும் அஞ்சவேண்டும்.

வாலிபர்களே, நம் ஊரில் முதன்முறையாகப் பல்கலைக்கழகப் படியேறும் குடும்பங்கள் பல. அவ்வீடுகளில் விண்ணப்பத்தை வாசித்து விளக்க ஆளில்லை. ஏற்கெனவே பல்கலைக்கழகத்திற் படிக்கும் நம் அங்கத்தவர்கள், உயர்தரப் பெறுபேறு வெளிவந்த பின் சில மாலைகள் சங்க மண்டபத்தில் அமர்ந்து, வருபவருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவினால் என்ன? எந்தச் சான்று எங்கே பெறுவது, எந்நாளுக்குள் அனுப்புவது என்று ஒரு தாளில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டினால் என்ன? இதற்கு நன்கொடைப் பற்றுச்சீட்டு வேண்டாம், மேடை வேண்டாம். ஒரு மேசையும் நான்கு கதிரைகளும் போதும்.

இவ்வாண்டு நம் ஊர்ப் பிள்ளை ஒன்றாவது, தகுதியிருந்தும் தகவலில்லாமையால் உதவியை இழக்கக்கூடாது. அந்தப் பொறுப்பைச் சங்கம் ஏற்கவேண்டுமென்று கேட்டு அமர்கிறோம்.