அரசியல் சட்டத்தைத் திருத்தும் உரிமை யாருக்கு?

(வத்திராயிருப்புப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசியல் சட்டத்தை மக்களே நேரடியாக வாக்களித்துத் திருத்தலாமா என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

நம் மாநிலங்களுக்குத் தனி அரசியல் சட்டம் கிடையாது. காஷ்மீருக்கு இருந்தது, அதுவும் 2019-ல் போயிற்று. நாட்டுக்குள்ள ஒரே சட்டத்தை 368-வது பிரிவின்படி பார்லிமெண்ட் திருத்துகிறது. சில பிரிவுகளுக்கு மட்டும் பாதி மாநிலங்களின் சட்டசபைகள் சம்மதிக்க வேண்டும். இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் வந்துவிட்டன. ஒன்றைப் பற்றியாவது வத்திராயிருப்பு வயலில் களையெடுக்கும் தாயின் வாக்கைக் கேட்டார்களா? இல்லை!

1976-ல், அவசர நிலையில், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் கிடக்க, 42-வது திருத்தம் நிறைவேறியது. அந்த அனுபவத்தால் 1978-ல் ஜனதா சர்க்கார் ஒரு மசோதா கொண்டுவந்தது. அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் திருத்தமானால், அது சர்வஜன வாக்கெடுப்பிலும் தேற வேண்டும் என்றது. லோக்சபை ஏற்றது. ராஜ்யசபையோ அந்த ஷரத்தை நீக்கிவிட்டது.

அப்படியானால் அமெரிக்காவின் கலிபோர்னியாவைப் போல், கையெழுத்துத் திரட்டி எந்தத் திருத்தத்தையும் வாக்குக்கு விடலாமா? அவசரப்படாதீர்கள். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதம் கூடாதென்று அங்கே 1963-ல் சட்டம் வந்தது. மறு ஆண்டே வீட்டுமனை வியாபாரிகள் கையெழுத்துத் திரட்டி, அதை முறியடிக்கும் திருத்தத்தை அரசியல் சட்டத்திலேயே புகுத்தினர். வாக்களித்தோரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தனர்! 1967-ல் சுப்ரீம் கோர்ட்டுதான் அது செல்லாதென்று தீர்ப்பளித்தது.

இது தூரத்துக் கதை மட்டுமல்ல. நம் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலையும், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தையும் நினையுங்கள். ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக, 1996 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகள் அப்பதவியில் ஒருவரையும் நிலைக்க விடவில்லை ஆதிக்க சாதியினர். 2006-ல்தான் நிலைமை மாறியது. ஒதுக்கீடு வேண்டுமா என்று அந்த ஊர்களில் வாக்கெடுத்திருந்தால் முடிவு என்னவாக இருந்திருக்கும்? தலை எண்ணிக்கை மட்டுமே நியாயமாகிவிடாது.

ஆகவே நமது நிலை இதுதான்: உரிமையைக் காக்கும் பெட்டிக்கு இன்னொரு பூட்டாக மக்கள் வாக்கு வரட்டும். இருக்கிற பூட்டை உடைக்கும் கோடரியாக, பணமூட்டைகளின் கையிலும் சாதி ஆதிக்கத்தின் கையிலும் அது சிக்கக் கூடாது.

1978-ல் நீக்கிய ஷரத்தை மீண்டும் கொண்டுவா என்று, சுற்றுவட்டாரக் கிராம சபைகள் தோறும் தீர்மானம் போடுங்கள். மே முதல் நாளிலேயே தொடங்குங்கள்!