காசியிற் பாதி கல்பாத்தி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

முன்னாளில் காசிக்குச் சென்றவர் மீள்வது உறுதியன்று. அவ்வாறு சென்று மீண்ட இலட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண், அங்கிருந்து கொணர்ந்த இலிங்கத்தையும் 1,320 பொற்காசுகளையும் பாலக்காட்டு மன்னர் இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்புவிக்க, 1425-ஆம் ஆண்டளவில் கல்பாத்தி ஆற்றங்கரையில் விசுவநாதர் கோயில் எழுந்தது என்பர். தெருவினின்று படியிறங்கித் தொழுகிறோம். அப்பால் ஆறுவரை படித்துறை. ஆதலின், ‘காசியிற் பாதி கல்பாத்தி’ என்றனர்.

காவிரிக்கரையினின்று இங்குக் குடியேறியோர் தம் மாயவரத்தையும் மறந்தாரல்லர். அங்கே ஐப்பசிக் கடைமுழுக்கு நிகழும் நாட்களில் இங்கே தேரோட்டம். விசாலாட்சி உடனாய விசுவநாதர் தேரும், மந்தக்கரை விநாயகர், பழைய கல்பாத்திப் பெருமாள், சாத்தபுரம் விநாயகர் ஆகியோர் தேர்களும் மூன்றாம் நாள் மாலை ஒன்றுகூடும் காட்சியை நம்மிற் பலரும் கண்டிருக்கிறோம்.

அவர்கள் கொணர்ந்தவற்றுள் தமிழும் ஒன்று. பல நூற்றாண்டு கடந்தும், மலையாளம் கலந்தேனும், அவ்வில்லங்களில் தமிழ்ப் பேச்சு நிலைத்தது. எழுத்தோ பலரிடம் நழுவிற்று. நம் பிள்ளைகளுக்கும் அந்நிலை நேரலாகாது. தேர் காண அவர்களை அழைத்துச் செல்லும் நாம், நாள்தோறும் இரவில் கால்மணி நேரம் தமிழ் எழுத்தும் கற்பிப்போமாக. மாற்றல் உத்தரவு எங்கு நம்மைக் கொண்டு சேர்ப்பினும் அது உடன்வரும்.