கேதார கௌரி நோன்பின் தோற்றம்

திருச்சிற்றம்பலம்



நாம் கூடியிருக்கும் இந்நூம்பலுக்கு அணித்தே இரு திருத்தலங்கள் உள்ளன. திருவேற்காட்டில் இறைவன் அகத்தியருக்குத் தம் திருமணக் கோலத்தைக் காட்டியருளினார். மாங்காட்டில் அம்மை ஐந்தீ நடுவே ஒற்றைத் திருவடி ஊன்றித் தவம் செய்தாள். மணக்கோலம் கண்டும் தவம் எதற்கு? இவ்வினாவுக்கு விடை பகர்வது கேதார கௌரி நோன்பின் வரலாறு.

கயிலையில் அம்மையும் அப்பனும் ஒருங்கே வீற்றிருந்தனர். வந்த முனிவரெல்லாம் இருவரையும் வலம் வந்து வணங்கினர். பிருங்கி முனிவர் மட்டும் அம்மையை விலக்கி, அப்பனை மட்டுமே வலம் வந்தார். தாய் தந்த கூறு தசையும் குருதியும் என்பர். தன்னை மதியாத முனிவரிடமிருந்து அம்மை அவற்றை மீட்டுக்கொண்டாள். நிற்கமாட்டாது தளர்ந்தவருக்கு இறைவன் மூன்றாவது கால் ஒன்றை அருளினார். ஆலயச் சிற்பங்களில் மூன்று காலுடன் நிற்கும் முனிவர் இவரே.

அம்மை கயிலை நீங்கிக் கௌதம முனிவரின் தவச்சாலையை அடைந்தாள். அவர் உணர்த்தியவாறு கேதாரநாதனை எண்ணி 21 நாள் நோன்பு நோற்றாள். இறைவன் தோன்றித் தம் இடப்பாகத்தையே ஈந்தார். இனி அம்மையை விலக்கி அப்பனை வலம் வருதல் எவ்வாறு இயலும்? அவ்வுமைபாகத் திருவுருவைச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டு மலையில் இன்றும் கண்டு தொழுகிறோம்.

விசயதசமியில் தொடங்கித் தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசையில் நிறைவுறுவது இந்நோன்பு. 21 இழை, 21 முடிச்சு கொண்ட நோன்புக் கயிறும், 21 அதிரசமும் அந்நாள்களின் கணக்கை நினைவூட்டுவன.

அன்பர்களே! கணவன் நீடு வாழ மனைவி பசித்திருப்பதே இந்நோன்பு என்று பலர் கருதுகின்றனர். அம்மை வேண்டியது அதுவன்று. அழிவற்ற பெருமானுக்கு ஆயுள் வேண்டுவதும் உண்டோ? பிரிவும் புறக்கணிப்பும் இல்லாத ஒருமையையே அவள் வேண்டினாள்.

பிருங்கி செய்த பிழையை நம் இல்லங்களில் நாம் செய்வதில்லையா? வீட்டுக்கு வருவோர் தலைவனை வணங்கி, அடுக்களையில் நிற்பவளை எண்ணாது செல்கின்றனர். தலைவனும் அதனைக் கண்டும் வாளா இருக்கிறான். இறைவனோ வாளா இருந்திலர். தம் மேனியில் பாதியையே தந்தார். ஈழத்துச் சைவப் பெருமக்களில் ஆடவரும் மகளிரும் ஒருங்கே இந்நோன்பு நோற்கின்றனர். அஃதே அதன் தோற்றத்துக்கு இசைந்த நெறி.

ஆதலின் ஆடவரே! வரும் அமாவாசை நாளில் இல்லாள் நோற்கும்போது நீங்களும் உடன் நோன்பிருங்கள். அவள் படைக்கும் பூசையில் உடன் அமருங்கள். அவளை ஒதுக்கிவிட்டு நாம் செய்யும் சிவபூசை பிருங்கி வலம் வந்ததையே ஒக்கும்.

அம்மையப்பர் திருவருள் அனைவர்க்கும் பெருகுக!

திருச்சிற்றம்பலம்